மலையில் வெயில் இருக்கிறது, பாட்டிமாரிடம் வந்து சேர்வதில்லை

கேள்வி: டொக்டர் ஐயா, ஹட்டனுக்குப் பக்கத்தில் பழைய பங்களா ஒன்றில் இயங்கும் முதியோர் இல்லத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். 19 பேர் இருக்கிறார்கள், அநேகமாக எல்லோரும் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள். போன மாதம் ஒரு பாட்டி இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. வைத்தியசாலையில் விற்றமின் டி குறைவு என்றார்கள். வாழ்நாள் முழுக்க வெயிலில் கொழுந்து எடுத்தவருக்கு அது எப்படிக் குறையும்? தினமும் காலை ஏழு மணிக்கே எல்லோரையும் கண்ணாடி விறாந்தையில் வெயில்பட உட்கார வைக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பாட்டியின் மகன் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார், அதற்கு எங்களுக்கு வசதி இல்லை. இதற்கிடையில் ஒரு நலன்விரும்பி 50,000 அலகு என்று போட்ட விற்றமின் டி குளிசை இரண்டு பெட்டி தந்துவிட்டுப் போனார். அதை எப்படிக் கொடுப்பது?

பதில்: தங்கச்சி, மேலே படிப்பதற்கு முன் எழுந்துபோய் அந்த இரண்டு பெட்டியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்றவருக்கு எப்படிக் குறையும்?" கிளினிக்கில் பிள்ளைகள் என்னிடம் இதையே கேட்பார்கள், சிலர் கோபமாகவே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விற்றமின் டி ஈபிஎப் பணம் மாதிரி இல்லை. நாற்பது வருடம் பிடித்து வைத்து, வேலையை விட்ட பிறகு மொத்தமாகக் கைக்கு வராது. தோலில் உண்டாகும் விற்றமின் ஈரலுக்குப் போய் உருமாறி இரத்தத்தில் ஓடுகிறது. அதில் பாதி இரண்டு மூன்று கிழமைக்குள் கழிந்துவிடும். கொழுப்பில் கொஞ்சம் ஒதுங்கிக் கிடப்பதும் சில மாதத்துக்குத்தான் வரும். மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு இஸ்தோப்பில் உட்காரத் தொடங்கி ஒரு வருடம் ஆனால், பழைய வெயில் எல்லாம் செலவாகிப் போயிருக்கும்.

அதோடு வயது. வெயில் பட்டால் விற்றமினாக மாறுகிற ஒரு கொழுப்புப் பொருள் தோலில் இருக்கிறது. வயது போகப் போகத் தோல் மெலியும், அந்தப் பொருளும் குறையும். எழுபதைத் தாண்டியவரையும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையையும் ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால், பெரியவரின் தோல் பிள்ளையின் தோல் செய்வதில் பாதியைக்கூடச் செய்யாது. நம்முடைய கறுப்புத் தோல் வெயிலின் தீங்கிலிருந்து காப்பாற்றுகிறது, அதே காரணத்தால் விற்றமின் செய்ய அதற்குக் கூடுதல் நேரமும் வேண்டும்.

உங்கள் ஏழு மணி வெயிலுக்கு வருகிறேன். அதை நிறுத்தச் சொல்லவில்லை. இரவு முழுக்கக் குளிரில் சுருண்டு கிடந்த உடம்புக்கு அது இதம், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதும் நல்லது. ஆனால் அந்த வெயிலால் விற்றமின் டி அநேகமாகக் கிடைக்காது. விற்றமினை உண்டாக்குவது புற ஊதாக் கதிரில் பி என்ற வகை. சூரியன் சாய்வாக நிற்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்திலேயே வடிந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க மணிக்கூடு வேண்டாம், நிழலைப் பார்த்தால் போதும். நிழல் ஆளைவிட நீளமாக இருந்தால் அது குளிர் காய்வதற்கான வெயில். நிழல் ஆளைவிடக் குட்டையாகிவிட்டால் தோல் வேலை செய்யத் தொடங்கும். நம் நாட்டில் அது காலை ஒன்பதரை, பத்திலிருந்து பிற்பகல் இரண்டரை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கண்ணாடி. வெயிலின் வெளிச்சமும் சூடும் கண்ணாடி வழியாக வரும், அந்தப் பி கதிர் வராது. போன வருடம் இப்படி ஒரு இல்லத்துக்குப் போயிருந்தேன். விறாந்தை முழுக்க வெயில், வரிசையாகக் கதிரைகள். பாட்டிமார் ஒவ்வொருவரும் சுவெட்டர் போட்டு, தலையில் மப்ளர் கட்டி, மடியில் கம்பளி விரித்து, காலுக்குச் சொக்ஸ் மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் பட்ட இடம் என்று பார்த்தால் மூக்கும் கன்னமும் பத்து விரலும்தான், அதுவும் கண்ணாடிக்கு உள்ளே இருந்து. பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எவ்வளவு அன்போடு அதைச் செய்திருந்தார்கள் என்பது தெரிந்தது. அந்த அன்பில் கொஞ்சத்தை மூன்று மணித்தியாலம் தள்ளி, கண்ணாடிக்கு வெளியே கொண்டுபோனால் பலன் இருக்கும்.

கொழும்பிலோ மன்னாரிலோ இருந்து ஒருவர் கேட்டிருந்தால் பத்து மணி வெயிலைச் சொல்ல நான் யோசிப்பேன், அங்கே வெக்கையே ஆளைச் சாய்த்துவிடும். ஹட்டன் 4,000 அடிக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. நமக்கு அந்த நேரத்தில் வெளியே உட்கார முடியும். உயரம் 1,000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிரும் சுமார் 10 சதவீதம் கூடும். ஆகவே காற்று அடிக்காத ஒரு சுவரோரம் பாருங்கள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, முழங்காலுக்குக் கீழே வெயில் படுகிற மாதிரி இருபது முப்பது நிமிடம், கிழமைக்கு மூன்று நாலு நாள். கண்ணுக்கும் நெற்றிக்கும் முந்தானையோ தொப்பியோ இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: சேலையை ஏற்றிவிட்டு நாலு பேர் போய்வரும் இடத்தில் உட்கார எந்தப் பாட்டியும் சம்மதிக்க மாட்டார். பெண்களுக்கென்று மறைவாக ஒரு மூலை ஒதுக்கிக் கொடுங்கள். இதைச் செய்யாத இடங்களில் வெளியே உட்கார வைக்கும் ஏற்பாடு இரண்டாவது நாளே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும் வெயிலை மட்டும் நம்பி இருக்க முடியாது. மே கடைசியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கிவிட்டால் ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் செப்டெம்பர் வரை சூரியனைத் தேட வேண்டும். மழை விட்டாலும் மூடுபனி விடாது. உங்கள் 19 பேரில் படுக்கையை விட்டு எழும்பாத இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள், அவர்களை எந்த மாதத்தில் வெயிலுக்குக் கொண்டுவர முடியும்?

அதனால் நான் சொல்வது இதுதான். முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கு, தடை ஒன்றும் இல்லையென்றால், பரிசோதனை செய்யாமலே, தினமும், சிறிய அளவில், வருடம் முழுவதும் விற்றமின் டி கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒரு நாளைக்கு 800 அலகு என்று வகுத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் 400 அலகு என்கிறார்கள். ஆனால் முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் வருடம் முழுக்க அதை எடுக்க வேண்டும் என்று தனியாக எடுத்துச் சொல்கிறார்கள். நம்முடைய ஆட்களுக்கு நான் 800ஐத்தான் எழுதுகிறேன். 1,000 அலகுக் குளிசைதான் கிடைக்கிறது என்றால் அதுவும் சரி.

800 என்பது எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, நிர்வாகக் குழுவில் கேட்பார்கள். 1992இல் பிரான்சில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்கள், சராசரி வயது 84. ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 800 அலகு விற்றமின் டியும் 1,200 மில்லிகிராம் கல்சியமும், மறுபாதிக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். பதினெட்டு மாதத்தில், விற்றமினும் கல்சியமும் எடுத்தவர்களிடம் இடுப்பு எலும்பு முறிவு 43 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்காக இது எல்லோருக்கும் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2022இல் அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. வெளியே நடமாடித் திரியும் ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்து வருடம் தினமும் 2,000 அலகு கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்குக் குறைவே இருக்கவில்லை. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும். உங்கள் இல்லத்துப் பாட்டிமாரின் குடம் நிறைந்திருக்க வழியில்லை.

சரி, அந்தப் பெட்டிக்கு வருவோம். ஒரு குளிசையில் 50,000 அலகு. 800 கணக்கில் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு உரியதை ஒரே வாயில் போடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு இல்லத்தில் ஒரு தாத்தாவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். எந்நேரமும் தாகம், இரவில் ஐந்தாறு தடவை சிறுநீர், மலச்சிக்கல், சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். மகளைத் தன் செத்துப்போன மனைவியின் பெயரால் கூப்பிட்டார். "வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது" என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். கிழமைக்கு ஒன்று எடுக்க வேண்டிய 50,000 அலகுக் குளிசையை, பிரஷர் குளிசையோடு சேர்த்து இரண்டு மாதமாகத் தினமும் கொடுத்திருக்கிறார்கள். விற்றமின் டி மிஞ்சியதால் இரத்தத்தில் கல்சியம் ஏறிப்போய் இருந்தது. வைத்தியசாலையில் சேலைன் ஏற்றி, கிழமைக்கணக்கில் வைத்திருந்துதான் ஆளைத் தேற்றினோம். தேறிய பிறகு மகளை மகளாகவே அடையாளம் கண்டார்.

மருந்து கொடுத்த பிள்ளையை நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்குத் தனியாக நின்று முப்பது பேருக்குக் குளிசை பிரிக்கிற பிள்ளைக்கு, கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் கிறுக்கி இருந்ததை யாரும் தமிழில் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மட்டையில் மருந்தின் பெயர், என்ன நோய்க்கு, எந்த நேரம், தினமுமா கிழமைக்கு ஒரு நாளா என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்வதில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

சரியாகக் கொடுத்தாலும் பெரிய அளவு நல்லதல்ல. ஒஸ்ரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களை வைத்து, ஒரு பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே தடவை 5 இலட்சம் அலகு கொடுத்துப் பார்த்தார்கள். முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு நேர்மாறு: மருந்து எடுத்தவர்கள்தான் கூடுதலாக விழுந்தார்கள், எலும்பும் கூடுதலாக உடைந்தது. ஆகவே "மாதம் ஒன்று போட்டால் வேலை முடிந்தது" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குறைவு உறுதியான ஒருவருக்கு வைத்தியர் கிழமைக்கு ஒன்று வீதம் ஆறு எட்டுக் கிழமைக்கு அந்தக் குளிசையை எழுதுவது உண்டு, பிறகு தினசரிச் சிறிய அளவுக்கு மாற்றிவிடுவார். இடுப்பு உடைந்த பாட்டிக்கு ஒருவேளை அது தேவைப்படலாம். பெட்டியை வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். மற்ற 18 பேருக்கும் வேண்டாம். தந்தவருக்கு நன்றி சொல்லி, அடுத்த முறை 400 அல்லது 1,000 அலகுக் குளிசையாக வாங்கித் தரச் சொல்லுங்கள், மனம் உள்ளவர் கட்டாயம் செய்வார்.

பாமசியில் வாங்கும்போது சில குழப்பங்கள் வரும். சில போத்தலில் அலகுக்குப் பதிலாக மைக்ரோகிராம் போட்டிருக்கும்: ஒரு மைக்ரோகிராம் 40 அலகு, அப்படியானால் 20 மைக்ரோகிராம்தான் 800. அல்பாகல்சிடோல் என்று ஒன்று இருக்கிறது. அது சிறுநீரக நோயாளிகளுக்கும் வேறு சிலருக்கும் வைத்தியர் எழுதும் வீரியமான வடிவம், 0.25 மைக்ரோகிராம் என்று சின்ன எண்ணில் போட்டிருப்பார்கள். எண் சின்னது என்று ஏமாந்து கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள், அதை இதற்குப் பதிலாகவும் வாங்காதீர்கள். கல்சியம் லக்டேட் குளிசையில் விற்றமின் டி கிடையாது. 300 மில்லிகிராம் என்று போட்டிருந்தாலும் அதில் உள்ள கல்சியம் சுமார் 40 மில்லிகிராம்தான். மீன் எண்ணெய்க் குளிசை என்று விற்பதில் பெரும்பாலும் விற்றமின் டி இருக்காது. கொட் லிவர் ஒயிலில் இருக்கும், ஆனால் அதோடு விற்றமின் ஏயும் நிறைய இருக்கும், அது மிஞ்சினால் எலும்புக்கே கெடுதல்.

சிலருக்கு இந்தச் சிறிய அளவைக்கூட வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர், சிறுநீரகத்தில் கல் வந்தவர், காசநோய்க்கு மருந்து எடுப்பவர், இதயத்துக்கு டிகொக்சின் எடுப்பவர், பிரஷருக்குச் சிறுநீர் போகும் குளிசை எடுப்பவர். வலிப்புக்குப் பினிடொயின், காபமசெபீன் எடுப்பவர்களும், முட்டுக்கோ மூட்டு வருத்தத்துக்கோ பிரெட்னிசலோன் நீண்ட நாள் எடுப்பவர்களும் நேர் எதிர்: அவர்களுக்கு 800 போதாமல் போகலாம். 19 பேரின் கிளினிக் கொப்பியையும் ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் கிளினிக் நாளில் ஒட்டுமொத்தமாகக் கொண்டுபோய்க் கேளுங்கள், யாரும் ஏசமாட்டார்கள்.

பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. தனியார் ஆய்வுகூடத்தில் ஒருவருக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும், முடிவு எப்படி வந்தாலும் நாம் கொடுக்கப்போவது அதே 800தான். எலும்பு உடைந்தவருக்கும், நான் மேலே சொன்ன நோயும் மருந்தும் உள்ளவர்களுக்கும், உடம்பெல்லாம் எலும்பு நோகிறது என்று சொல்பவருக்கும் வைத்தியர் கேட்டால் செய்யுங்கள். மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்கு மேல் இருந்தால் போதும், 12க்குக் கீழே போனால் கடுமையான குறைவு.

காசு செலவில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. கை வைக்காத, உறுதியான மரக் கதிரையில் பாட்டியை உட்கார வைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். எழும்ப முடியாமல் தொடையில் கையை ஊன்றி உந்துகிறாரா, இரண்டு மூன்று தடவை முயன்று தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறாரா? தொடைத் தசை தளர்ந்திருக்கிறது. விற்றமின் டி குறைந்தால் முதலில் வலுவிழப்பது இடுப்பையும் தொடையையும் சுற்றிய தசைதான். மாடிப்படி ஏறமுடியாது, நடை வாத்து நடையாகும், இரவில் கட்டிலிலிருந்து எழும்பும்போது தள்ளாடும். உங்கள் பாட்டி விழுந்ததும் அப்படி எழும்பிப் போகும் நேரத்தில்தானே. முடியாதவர்களின் பெயரைக் குறித்து வைத்து, தினமும் சாப்பாட்டுக்கு முன் ஐந்து தடவை பிடித்துக்கொண்டாவது எழும்பி உட்காரப் பழக்குங்கள். குளிசை தனியாகத் தசையைக் கட்டாது.

சாப்பாட்டால் இந்தக் குறைவை ஈடுகட்ட முடியாது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 அலகு, 800க்கு இருபது முட்டை வேண்டும். டின் மீன், சாளை மாதிரிக் கொழுப்புள்ள மீன் கொஞ்சம் உதவும். ஆனால் கல்சியத்துக்குச் சாப்பாடுதான் முக்கியம்: முள்ளோடு நெத்தலி, முருங்கை இலை, குரக்கன், எள், ஒரு கோப்பைப் பால்மா. பல் இல்லாதவருக்கு நெத்தலியை வறுத்து இடித்துச் சம்பலில் சேர்க்கலாம். விற்றமின் டி கொழுப்பில் கரைவது, அதனால் வெறும் வயிற்றில் வேண்டாம், பகல் சோற்றோடு கொடுங்கள்.

வெளிநாட்டு மகனுக்கு இப்படி எழுதுங்கள்: தம்பி, பரிசோதனைக்கு நீங்கள் அனுப்ப நினைத்த பணத்தில் 19 பேருக்கும் மாதக்கணக்கில் குளிசை வாங்கலாம். மிச்சத்தில் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே சுவரில் பிடிகம்பியும், இரவு முழுக்க எரிகிற ஒரு சிறிய விளக்கும் போடலாம். தாயின் மேல் அக்கறையால் கேட்டவர்தான், விளங்கிக்கொள்வார்.

இடுப்பு உடைந்த பாட்டியை வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று கேளுங்கள்: "எலும்பு தேய்வுக்கு மருந்து தொடங்கப் போகிறீர்களா?" ஒரு தடவை உடைந்தவருக்கு அடுத்த முறிவுக்கான ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், விற்றமின் டி மட்டும் அதைத் தடுக்காது. அந்த மருந்தாக அலென்றொனேட் என்ற குளிசையைத் தந்தால் கிழமைக்கு ஒரு நாள், விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு கொடுங்கள். அரை மணித்தியாலம் படுக்க விடாமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள், தேத்தண்ணியும் அதற்குப் பிறகுதான். கல்சியம் குளிசை எடுக்கிறார் என்றால் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டாம், கல்சியம் பகல் சோற்றோடு இருக்கட்டும். இதையும் அந்த மட்டையில் எழுதிவிடுங்கள்.